தஞ்சாவூர் ஓவியக் கிட்: பெட்டிக்குள் இருப்பதில் எது தேறும்?

தஞ்சாவூர் ஓவியக் கிட் வாங்குகிற பலரும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சாமி படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளையாரோ, மகாலட்சுமியோ, வெண்ணெய்க் கிருஷ்ணனோ, உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் பலகையும் தங்க ரேக்கும் (படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள்) சரியாக இருந்தால் மற்றதையெல்லாம் தெருமுனைக் கடையில் வாங்கிச் சமாளித்துவிடலாம். இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும், வாரக்கணக்கில் முதுகு வலிக்கக் குனிந்து செய்த படம் இரண்டு மழைக்காலம் தாங்காது. கிட்டுக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால் முக்கால்வாசியை இந்த இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஓர் அறையையோ கூடத்தின் ஒரு பக்கத்தையோ பட்டறையாக வைத்து ஆர்டருக்குப் படம் செய்பவர்களுக்கும், மாணவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம். கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவை மூன்று ரகம். முதல் ரகத்தில் துணி ஒட்டி வெள்ளை பூசிய பலகை, கோட்டுப்படம், மஞ்சள் கார்பன், சாக் பவுடர், பிசின், கற்கள், ரேக்கு, வண்ணம், பிரஷ் எல்லாம் தனித்தனியாக இருக்கும்; வேலை முழுவதும் நம்முடையது. இரண்டாவது ரகத்தில் மக்கு வேலையை, அதாவது பொடியும் பிசினும் குழைத்துப் படத்தில் மேடு எழுப்புவதை முடித்து, சிலவற்றில் கல்லும் பதித்தே தருகிறார்கள். ரேக்கு ஒட்டி வண்ணம் தீட்டினால் போதும். மூன்றாவது ரகம் எம்.டி.எஃப். எனும், மரநாரை அழுத்திச் செய்த அட்டையில் அச்சடித்த கோடு, பின்னால் பசை தடவிய பிளாஸ்டிக் கல், தங்க நிற ஸ்டிக்கர்.

மூன்றாவது ரகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் உட்கார்ந்து செய்ய நல்லது. அதை ஃபிரேம் போட்டு தஞ்சாவூர் ஓவியம் என்று விற்பது மட்டும் கூடாது. 2007-08இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. வாங்குகிறவர் அந்தப் பெயரை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.

இரண்டாவது ரகம் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பாலும் மக்கு அச்சில் வார்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. வளைவுகளின் ஓரம் மழுங்கியிருக்கும். மாலையின் பூவும் மண்டபத்தின் கொடியும் ஒரே உயரத்தில் நிற்கும். ரேக்கு ஒட்டிய பிறகுதான் இந்தக் குறை கண்ணில் படும். தங்கம் வெளிச்சத்தைப் பிடித்து மினுங்குவதே மேடு பள்ளத்தின் வித்தியாசத்தால்தான். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் தகடு ஒட்டியதுபோல் தெரியும். தவிர, ஓவியரின் கை தெரியும் இடமே மக்கு வேலைதான். தொழிலாகச் செய்பவர் அதை இன்னொருவரிடம் விட்டால் தன் படத்தில் தன்னுடையது என்று சொல்ல முகமும் கண்ணும்தான் மிஞ்சும். கை நடுக்கம் உள்ள முதியவர்களுக்கும், ரேக்கு ஒட்ட மட்டும் பழக நினைப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கலாம். மற்றவர்கள் முதல் ரகத்துக்கு வாருங்கள். இனி சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

பலகையை முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இந்த ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே ஒரு பெயர் உண்டு. அந்தக் காலத்தில் பலா மரப் பலகையில் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தூளும் பிசினும் குழைத்துப் பூசினார்கள். இப்போது பிளைவுட்டும் ஃபெவிகாலும். மாற்றத்தில் தவறில்லை, நல்ல பிளைவுட் ஒற்றைப் பலகையைவிடக் குறைவாகவே வளையும். ஆனால் கிட்டில் வருவது எப்போதும் பிளைவுட்டாக இருப்பதில்லை. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மரத் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மாவை அழுத்தியதுபோல் அடுக்கே இல்லாமல் இருந்தால் எம்.டி.எஃப். அது ஈரம் பட்டால் ஊதும், ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது. மக்கும் பிசினும் வண்ணமும் எல்லாமே தண்ணீரில் குழைப்பவை என்பதால் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் பலகைக்கு ஈரம் போகிறது.

பிளைவுட்டிலும் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரண்டு தரம் உண்டு. எம்.ஆர். ஓரளவு ஈரம் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். கொதிநீரையும் தாங்கும் பசையில் ஒட்டியது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பி.டபிள்யூ.ஆர். கேட்டு வாங்குவது நல்லது. தடிமனைப் பொறுத்தவரை 10×12 அங்குலம் வரை 6 மி.மீ. போதும். 15×18க்கு 9 மி.மீ. அதற்கு மேல் போனால் 12 மி.மீ. எடுத்து, பின்புறம் நான்கு பக்கமும் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்துவிட வேண்டும். பல கிட்டுகளில் 12×15 பலகைக்குக்கூட 4 மி.மீ. தருகிறார்கள். தபால் செலவு குறையும். பலகை வில்லாக வளையும்.

வளைவதற்குக் காரணம் எளிது. முன்பக்கம் துணி, பசை, நாலைந்து பூச்சு வெள்ளை எனக் காய்ந்து இறுகி மரத்தை இழுக்கிறது. பின்பக்கம் வெறும் மரமாகத் திறந்து கிடந்து, மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தால் நடுவில் தொப்பை விழாமல் என்ன செய்யும்? கிட்டைப் பிரித்த அன்றே பின்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் வார்னிஷோ எனாமல் பெயிண்டோ இரண்டு கை அடித்துவிடுங்கள். இதை எந்தக் கிட்டின் வழிமுறைத் தாளிலும் காண முடியவில்லை. இத்தனை சின்ன வேலை, படத்தின் ஆயுளையே மாற்றுகிறது.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது துணி ஒட்டிய விதம். விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது பொத்தென்று சத்தம் மாறினால் அங்கே துணிக்கடியில் காற்று நிற்கிறது. பின்னால் அந்த இடத்தில்தான் மக்கு பெயர்ந்து வரும். ஓரத்தில் துணி உரிந்திருந்தால் மறு ஒட்டு போடலாம். நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால் பலகையைத் திருப்பி அனுப்புவதே சரி. அடுத்து நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பூச்சில் பசை போதவில்லை. நகம் வழுக்கிக்கொண்டு பளபளப்பாக இருந்தால் பசை அதிகம். அதன்மேல் பிசினும் வண்ணமும் பிடிக்காமல் திரளும். முதலாவதற்கு, தண்ணீரில் நீர்க்கக் கரைத்த ஃபெவிகாலை ஒரு கை அடித்தால் சரியாகிவிடும். இரண்டாவதற்கு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுக்க வேண்டும்.

பலகையை நாமே தயாரிப்பது என்ன கஷ்டம் என்று கேட்டால், கஷ்டம் ஒன்றுமில்லை, நாள்தான் பிடிக்கும். வெளுக்காத காடாத்துணியை ஒருமுறை அலசிக் கஞ்சி போக்கிக் காய வையுங்கள். கஞ்சி இருந்தால் பசை இறங்காது. பலகையில் ஃபெவிகாலைச் சீராகத் தடவித் துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்டி, ஓரத்தைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். ஒரு நாள் காய வேண்டும். பிறகு 100 கிராம் சாக் பவுடரைச் சல்லடையில் சலித்து 50 கிராம் ஃபெவிகால் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, தோசை மாவுப் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். 10×12 பலகைக்கு இந்த அளவு மூன்று நான்கு கைக்கு வரும். ஒரு கை நெடுக்காக, அடுத்தது குறுக்காக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிழலில் நன்றாகக் காய விட வேண்டும். கடைசியில் 150, 220, 320 என்று உப்புத்தாளை மெதுவாக ஏற்றிக்கொண்டு போய்த் தேய்த்தால் முட்டை ஓடுபோல் வழவழப்பு வரும். தேய்ப்பதை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ முகக்கவசத்தோடு செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, பக்கத்தில் பாதி முடிந்து கிடக்கும் படத்துக்கும் ஆகாது.

புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய பலகை என்று சொல்லி விற்பவையும் உண்டு. பழைய முறையை விடாமல் செய்பவர்கள் மரியாதைக்குரியவர்கள். ஆனால் அந்தப் பசை பூச்சிக்கு உணவு. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (செம்பு உப்பு) சேர்த்திருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். சேர்த்திருந்தால் வெறும் கையால் தேய்க்காதீர்கள், அது விஷம்.

மக்குக்கு வருவோம். கிட்டில் வரும் வெள்ளைப் பொட்டலத்தில் வெறும் 'பவுடர்' என்று எழுதியிருப்பது பெரிய குறை. சாக் பவுடரும் பிரெஞ்சு சாக்கும் ஒன்றல்ல. சாக் பவுடர் சுண்ணாம்புக் கல்லின் தூள். காய்ந்தால் கெட்டிப்படும், மேடு நிற்கும். பிரெஞ்சு சாக் மாக்கல் இனம். தொட்டால் வழுக்கும், கலவையை மென்மையாக்கும், ஆனால் தனியாக வைத்தால் வலு இருக்காது. பொட்டலத்தில் எது இருக்கிறது என்பதை விரலிடுக்கில் தேய்த்தாலே தெரிந்துகொள்ளலாம். முகப்பவுடர்போல் வழுக்கினால் அதோடு சம அளவுக்கு மேல் சாக் பவுடர் கலந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துச் சேர்க்க வேண்டாம். அதில் பெரும்பாலும் ஜிப்சம்தான் இருக்கும், பதம் வேறு.

பிசின் கலவையை இத்தனை கரண்டி என்று அளந்து சொல்வதைவிடப் பதம் பார்த்துப் பழகுவதே நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பொடியும் ஒவ்வொரு அளவுக்குக் குடிக்கும். பிரஷ்ஷில் எடுத்துப் பலகையில் விட்டால் நூலாக இறங்கி, இறங்கிய இடத்தில் பரவாமல் நிற்க வேண்டும். பரவினால் பொடி போதாது. நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் பிசின் போதாது. வேலைக்கு முன்னால் ஒரு வீண் பலகைத் துண்டில் ஒரு கோடும் ஒரு புள்ளியும் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வெடிப்பு இல்லை, நகத்தில் உதிரவில்லை என்றால் அந்தக் கலவையோடு போகலாம்.

வெடிப்புத்தான் மக்கு வேலையின் பெரிய துன்பம். மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, உள்ளே இன்னும் ஈரம். உள்ளே காயும்போது சுருங்கி, ஏற்கெனவே இறுகிய தோலைக் கிழிக்கிறது. அவசரத்துக்கு ஃபேனுக்கு நேரே வைப்பதும் வெயிலில் வைப்பதும் இதைத்தான் வரவழைக்கும். ஒரு தடவைக்கு 1 மி.மீ. உயரத்துக்கு மேல் வைக்காமல், நிழலில் காய விட்டு, மறு தடவை ஏற்றுங்கள். மண்டபத் தூணும் திருவாசியும் 3 மி.மீ. வரை எழலாம், நகை வேலை 1 மி.மீ.க்குள் நின்றால்தான் அழகு. கிட்டின் தாளில் 'இரண்டு மணி நேரம் காய வைக்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். சித்திரையில் மதுரைக்கு அது பொருந்தலாம். ஐப்பசியில் நாகப்பட்டினத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும்.

கற்கள் மக்குக்கு முன்னால் ஒட்டப்பட வேண்டியவை. கல் உட்கார்ந்த பிறகு அதன் இடுப்பு வரை மக்கை அணைத்துக் கொடுத்தால் நகையில் பதித்த கல்லாகத் தெரியும். மேலே ஒட்டினால் ஒட்டியதாகவே தெரியும், பின்னால் உதிரவும் செய்யும். கிட்டில் வருவது ஜெய்ப்பூர்க் கல் என்றே எழுதியிருக்கும். கண்ணாடிக் கல் தொட்டால் ஜில்லென்றிருக்கும், கையில் கனம் தெரியும், பிளாஸ்டிக் அப்படியில்லை. சூடான ஊசி முனையைப் பின்புறம் வைத்தால் பிளாஸ்டிக் உருகிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ரகத்துக்கும் பின்னால் வெள்ளிப் பூச்சு இருக்கும். தண்ணீராக ஓடும் பசையில் ஒட்டினால் அந்தப் பூச்சு ஊறிக் கறுத்துக் கல் செத்துப்போகும். ஃபெவிகாலைத் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகவே ஒரு புள்ளி வைத்து ஒட்டுங்கள். ஒரு நாள் அசைக்காதீர்கள். பெரும்பாலான கிட்டுகளில் கல் தாராளமாகவே வருகிறது, இதில் புகார் இல்லை. தாராளமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடாமல் இருந்தால் சரி.

இனி ரேக்கு. கிட்டின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான், ஏமாற்றத்தில் பெரும்பங்கும் இதில்தான். நல்ல கிட்டில் 22 காரட் ரேக்கு என்று தெளிவாக எழுதி, எத்தனை தாள், ஒரு தாள் என்ன அளவு என்றும் சொல்லியிருப்பார்கள். 'தங்க நிறத் தாள்', 'கோல்டன் ஃபாயில்' என்று மட்டும் இருந்தால் அது தங்கமில்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு புதிதாக இருக்கும்போது அசல்போலவே மின்னும். ஈரக்காற்றில் செம்பு கறுக்கத் தொடங்கி, வண்ணத்தின் ஓரங்களில் பச்சை கசியும். வாங்கியவர் அப்போது தேடி வரப்போவது கிட் விற்றவரை அல்ல, படம் செய்தவரை.

சோதிக்க வழி உண்டு. ஒரு கடுகளவு துண்டை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் சுருண்டு நாறும். பித்தளை கறுத்துவிடும். தங்கம் நிறம் மாறாது. இன்னொன்று, தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது வேறு உலோகத்தின் மேல் தங்க முலாம். முலாம் ரேக்கைப் பொய் என்று தள்ள முடியாது, விலை குறைந்த படத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அதில் வெட்டிய ஓரங்கள் முதலில் மங்கும்.

தாள் போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10×12 பலகை 120 சதுர அங்குலம். மண்டபம், திருவாசி, நகை, திரைச்சீலைக் கரை எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு தங்கம் என்றால் 40 சதுர அங்குலம். வளைவுகளில் வெட்டிக் கழியும் துண்டுக்குக் கால் பங்கு சேர்த்து 50. ஒரு தாள் 3×5 அங்குலமாக இருந்தால் நான்கு தாள் தேவை. கிட்டில் இரண்டு தாளைப் போட்டுவிட்டு, படத்தில் மட்டும் மண்டபத்தையே தங்கமாகக் காட்டுவது பரவலாக நடக்கிறது. நடுவில் தீர்ந்துபோய் வேறிடத்தில் வாங்கினால் இரண்டு தங்கத்தின் சாயலும் ஒத்துப்போகாது. ஒன்று சிவந்தும் மற்றது வெளிறியும் தெரியும். ஒரே படத்துக்கு ஒரே கட்டிலிருந்து எடுத்த ரேக்குதான் வேண்டும். ஆகவே எங்கள் பரிந்துரை, கடைக்காரர் சம்மதித்தால் ரேக்கு இல்லாமல் கிட்டை வாங்குங்கள். ரேக்கைத் தனியாக, அளவு கணக்கிட்டு, நம்பகமான கடையில் வாங்குங்கள். தங்க விலையோடு ரேக்கு விலையும் ஏறி இறங்கும் என்பதால் ஆர்டர் எடுக்கும் அன்றே வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஒட்டுவதற்குக் கிட்டில் ஒரு சின்னப் பாட்டிலில் பிசின் வரும். திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், அதன்மேல் பின்னால் பூஞ்சை வரும். நாட்டு மருந்துக் கடையில் பிசின் கட்டியாக வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் தேன் பதத்தில் கிடைக்கும். சில நாளுக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள். வடிகட்டாமல் விட்டால் ஒரு மணல் துகளும் ரேக்குக்கடியில் பருவாக எழும்பும்.

ரேக்கு ஒட்டும் நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது. பொன் முலாம் வேலைக்கான மெல்லிய இலை மூச்சுக்காற்றிலேயே பறந்துவிடும். தஞ்சாவூர் ரேக்கு அதைவிடத் தடிமன், கத்தரியால் வெட்டலாம், விரலால் தூக்கலாம் என்றாலும், ஃபேன் காற்று பட்டால் மடங்கி ஒட்டிக்கொள்ளும், பிசினும் வைத்த வேகத்தில் காய்ந்துவிடும். கோடையில் ஃபேன் இல்லாமல் பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது. நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் பிசின் கரையும். வீட்டுப் பட்டறையில் ரேக்கு வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்கிறவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். சமையலும் தாளிப்பும் தொடங்குவதற்கு முன் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். எண்ணெய்ப் புகை படிந்த மக்கில் பிசின் பிடிக்காது.

ஒரு கையகல இடத்துக்கு மட்டும் பிசின் தடவி, விரல் வைத்தால் இழுபடும் பதம் வரும்வரை பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே ரேக்கை வைத்தால் பிசின் மேலே கசிந்து கறையாகும். வைத்தபின் பஞ்சால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். மக்கின் இடுக்குகளில் மழுங்கிய குச்சியால் மெல்ல அழுத்திக்கொடுத்தால்தான் உள்ளே செதுக்கியதெல்லாம் வெளியே வரும். கல்லின் மேல் படிந்த ரேக்கை, கல்லைச் சுற்றி ஊசியால் கீறி எடுத்துவிட வேண்டும். அந்தத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். கிழிசலும் ஓட்டையும் அடைக்க அவைதான் உதவும். ஒட்டும்போது கிழிந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. மேலே இன்னொரு துண்டு வைத்து அழுத்தினால் மறுநாள் ஒட்டுத் தெரியாது. கிட்டோடு வரும் பிளேடு மட்டமானது. புதிய சவரப் பிளேடு ஒன்றை உடைத்துப் பயன்படுத்துங்கள்.

வண்ணமும் பிரஷ்ஷும் கிட்டின் பலவீனமான பகுதி. புட்டியில் 'சிவப்பு', 'பச்சை' என்பதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. வெளிச்சத்தில் வெளிறாத நிறமிதானா என்று அறிய வழியில்லாத வண்ணத்தை, தலைமுறை தாண்டி நிற்க வேண்டிய தங்கத்துக்குப் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை. புட்டியில் நிறமி எண் அச்சிட்ட ஓவியர் தர வண்ணங்களாக வாங்குங்கள். இரும்பு ஆக்சைடு சிவப்பு பி.ஆர். 101, மஞ்சள் பி.ஒய். 42, அல்ட்ராமரின் நீலம் பி.பி. 29, டைட்டானியம் வெள்ளை பி.டபிள்யூ. 6 ஆகியவை எல்லாம் மங்காதவை. போஸ்டர் வண்ணமா அக்ரிலிக்கா என்ற கேள்விக்கு, பின்னணிக்கு அக்ரிலிக்கும் முகத்துக்குப் போஸ்டரும் என்பது எங்கள் கட்சி. முகத்தில் நிழல் கொடுக்கும்போது ஓரத்தை ஈரப் பிரஷ்ஷால் இளக்க வேண்டியிருக்கும். போஸ்டர் இளகும், அக்ரிலிக் காய்ந்த பின் இளகாது. கண்ணும் புருவமும் எழுத 000 பிரஷ், நகைக் கோட்டுக்கு 0, 1. ஈரத்தில் முனை கூராகச் சேராத பிரஷ்ஷைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கோட்டுப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு விதமானது. கிட்டுகளில் வரும் படங்கள் திரும்பத் திரும்ப ஏழெட்டுத்தான். கோடும் நகல் எடுத்து நகல் எடுத்துத் தடித்துப்போயிருக்கிறது. விரல்கள் வாழைப்பழச் சீப்பாகவும் கண் இரண்டும் வேறு வேறு மட்டத்திலும் இருக்கின்றன. பழகுகிறவர் முதல் படத்தை அதில் செய்யலாம். தொழிலாகச் செய்பவர் பழைய படங்களிடம்தான் போக வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்திலும் (1798–1832) அதையொட்டியும் உருவான படங்கள் தஞ்சை அரண்மனை வளாகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தஞ்சாவூர்ப் படங்களை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று பாருங்கள். இன்றைக்குத் திரைச்சீலை எப்படி மடிகிறது, அடுத்த முறை குழந்தைக் கிருஷ்ணனின் வயிறும் இடுப்புச் சலங்கையும் எப்படிச் சேர்கின்றன, அதற்கடுத்து மண்டபத்தின் வளைவு எங்கே தொடங்குகிறது. நல்ல பழைய படங்களில் தங்கம் எதையாவது எடுத்துக்காட்டுவதற்காக நிற்கிறது. முகத்தைச் சுற்றிப் போதிய வெறுமை விட்டிருப்பார்கள். இன்றைய கிட் படங்களில் அந்த வெறுமைதான் காணாமல் போயிருக்கிறது.

'இரண்டே நாளில் முடிக்கலாம்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஆர்டருக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள். தயாரான பலகையில் 10×12 படத்துக்குக் கல், மக்கு, ரேக்கு, வண்ணம், கோடு என்று காயும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு வாரம் நியாயமான கணக்கு, மழை நாளில் மூன்று. இதில் கை வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பலகைகளை வெவ்வேறு கட்டத்தில் வைத்துச் செய்வதுதான் வீட்டுப் பட்டறைக்கு ஒத்துவரும். விடியலில் ஒன்றுக்கு ரேக்கு. காலை வெளிச்சம் நேராக விழும் வேளையில் இன்னொன்றுக்கு முகமும் கோடும். மத்தியானம் மூன்றாவதற்கு மக்கு. அதை மாலைவரை மூடி வைக்காமல், தூசி படாத அலமாரித் தட்டில் படுக்கையாக விட்டுவிட வேண்டும், சாய்த்து வைத்தால் மக்கு கீழே வழியும். விளக்கொளியில் வண்ணம் கலக்காதீர்கள். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த பச்சை, பகலில் வேறு பச்சையாக இருக்கும்.

ஃபிரேம் பெரும்பாலான கிட்டுகளில் வராது, வரும் சிலவற்றில் மெல்லிய பிளாஸ்டிக் சட்டம். அதை எடுத்துவிட்டுத் தேக்குச் சட்டத்துக்குப் போங்கள். ஃபிரேம் கடையில் மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி கல்லையும் மக்கையும் தொடக் கூடாது, நடுவில் கால் அங்குலமாவது இடைவெளி இருக்கும்படி உள்ளே பீடிங் (மெல்லிய மரப் பட்டி) வைக்கச் சொல்லுங்கள்; தொட்டால் ஈரம் அங்கே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், கழற்றும்போது ரேக்கும் கண்ணாடியோடு வந்துவிடும். ஆணி அடிக்கும்போது பலகையைக் குப்புறப் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் கீழே தடித்த பஞ்சு மெத்தை விரிக்க வேண்டும். பின்பக்கம் அட்டையை ஒட்டி மூடிய பின், கீழ் இரண்டு மூலைகளிலும் ஒரு சின்ன ரப்பர்க் குமிழ் வைக்கச் சொல்லுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக அது போதும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும், குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று வாங்குகிறவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரை நேரே தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்வதையும் அந்தச் சீட்டிலேயே சேர்த்துவிடலாம்.